மண்டபத்து மாடியில் ஒரு சாண் தண்ணீர்

எங்கள் கம்பெனியில் ட்ரோன் வாங்கிவிட்டார்கள். போன சித்திரையில் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற என்னைக் கூப்பிட்டு, விழுப்புரம் அலுவலகத்து மாடியில் வைத்து அதைப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். நல்ல சாமான்தான். எதிர்ச் சாரியில் இருக்கும் துணிக்கடை மாடியில் தேங்கிக் கிடந்த தண்ணீர், அதில் மிதந்த டீ கப் எல்லாம் திரையில் பளிச்சென்று தெரிந்தன.

“மேரியக்கா, இனிமே குரங்கு ஏணில தொங்கற வேலையே இல்ல” என்றான் சைட் இஞ்சினியர் பையன்களில் ஒருவன். மாடிக்குப் படி இல்லாத கட்டடங்களில் சுவரோடு நட்டுக்குத்தலாக இரும்பு ஏணி ஒன்று இருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் அது.

“என் முட்டி தேஞ்சி முடிஞ்சப்புறம் வாங்கியிருக்கீங்களேடா, நல்லா இருப்பீங்க” என்றேன்.

“உங்க காலத்துல எப்பிடிப் பாத்துகினு இருந்தீங்கன்னு எழுதிக் குடுங்கக்கா. புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கலாம்.”

உங்கள் காலமாம்! சித்திரை வரைக்கும் இவர்கள் ஏறத் தயங்கிய மாடியில் எல்லாம் நான்தான் ஏறிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் கேட்டது சந்தோஷமாக இருந்தது. கேட்காமலேயே சொல்கிறவள் நான். கேட்டால் விடுவேனா?

என் பெயர் ஆரோக்கியமேரி. கடை, வங்கி, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், குடோன் என்று மொட்டை மாடி வைத்த வியாபாரக் கட்டடங்களின் மேல்தளத்தைச் சோதித்துப் பராமரிப்பது எங்கள் கம்பெனியின் தொழில். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நான் நடக்காத மாடி குறைவு. ‘மொட்டை மாடி பாக்கற வேலை’ என்று சொன்னால் சிரிப்பார்கள். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பார்கள். மாடிக்குப் போகிறவர்கள் துணி காயப்போடுவார்கள், போனில் ரகசியம் பேசுவார்கள், பிள்ளைகள் பட்டம் விடும். காலுக்குக் கீழே யாரும் பார்க்க மாட்டார்கள். தலையில் சொட்டினால்தான் மேலே ஒரு தளம் இருப்பதே அவர்கள் நினைவுக்கு வரும்.

கிளியனூர் பக்கத்தில் ஒரு சிற்றூர் எனக்கு. அப்பா அம்மா இருவரும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போனேன். திண்டிவனத்தில் ஒரு கட்டடத்தில் மாடிக்குத் தட்டோடு என்கிற சதுர ஓட்டைப் பதித்துக்கொண்டிருந்தபோது, பதித்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வேலையை எடுத்திருந்த கரீம் பாய் அதைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கீங்க?”

“மேஸ்திரி வாட்டம் சரியா இருக்குன்னாரு. தண்ணியும் அதையே சொல்லுதான்னு பாக்கறேன்.”

வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கிற சரிவு. தண்ணீர் அன்றைக்கு மேஸ்திரியோடு ஒத்துப்போகவில்லை. மேஸ்திரி என்னை முறைத்தார். பாய் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். மாலை நேர வகுப்பில் படம் வரையப் படித்தேன், மட்டம் பார்க்கக் கற்றேன், சிமெண்டும் தாரும் ரசாயனப் பூச்சும் எது எதற்கு ஆகும் என்று தெரிந்துகொண்டேன். மீதியை எல்லாம் மாடிகளே சொல்லிக்கொடுத்தன.

கரீம் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். டிப்ளமோ படித்துவிட்டு வளைகுடா நாட்டில் பல வருஷம் கட்டடங்களின் மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டவர். “அங்க மழையே வராது மேரிம்மா. அதான் பேஜாரு. வராதுன்னு நெனச்சி வடிகுழாய மணல் மூடிக்கினு கெடக்கும். ஒரு நாள் வரும் பாருங்க, மாடியெல்லாம் குளம்” என்பார். பருத்த உடம்பு, மெல்லிய குரல். எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவருக்குக் கோபம் வந்திருப்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் ‘ங்க’ கூடிக்கொண்டே போகும். ஒரு வாக்கியத்தில் மூன்று ‘ங்க’ வந்துவிட்டால் நாங்கள் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவோம்.

‘இருக்கும்’ என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது. “குழாய்ல அடைப்பு இருக்கும் பாய்” என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். “இருக்கும்ங்கறது கிளி ஜோசியம். கையை உட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். கையை விட்டேன். உள்ளே செத்த காக்கை. அதற்குப் பிறகு நான் ‘இருக்கும்’ என்று சொன்னதே இல்லை.

மாடி பார்க்க நாங்கள் வெயில் ஏறுவதற்கு முன்னால் போவோம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். வெறுங்காலோடு வரிசை வரிசையாக, உழுகிற மாதிரி, ஒரு கோடி தொடங்கி மறுகோடி வரை நடக்க வேண்டும். தட்டோட்டுக்கு அடியில் ஈரம் கோத்துக்கொண்டிருந்தால் அந்த இடம் மட்டும் பாதத்தில் சில்லென்று இருக்கும். அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டு, பிறகு மரக்கட்டையால் தட்டிப் பார்ப்போம். நல்ல தளம் கணீரென்று பதில் சொல்லும். பிடிப்பு விட்டுப்போன தளம் டொக்கென்று சொல்லும். அதைப் பொக்கு என்போம். அப்புறம் கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை. மாடி ஒழுகுகிறது என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டை அந்த மூலையில்தான் இருக்கும். கடைசியாக ஒவ்வொரு வடிகுழாய் வாயிலும் குடம் தண்ணீரை ஊற்றுவோம். மேலே ஊற்றினது கீழே வந்து விழுவதை ஒரு ஆள் நின்று கண்ணால் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். ஊற்றினேன், போய்விட்டது என்று மேலே நின்றபடி சொன்னால் பாய் ஒப்புக்கொள்ள மாட்டார். போன தண்ணீர் சுவருக்குள் போனதா, குழாயில் போனதா என்று கேட்பார்.

இதில் ஒழுகலை விட மனிதர்களைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. டிஷ் ஆண்டனா மாட்ட வருகிறவர்கள் நன்றாக இருக்கிற தளத்தைத் துளைத்து போல்ட் இறக்கிவிட்டுப் போவார்கள். அவர்களோடு நான் போட்ட சண்டையை எழுதினால் இந்தக் கட்டுரை அச்சில் ஏறாது. விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக் கடை மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிளந்துகொண்டு அரசங்கன்று முளைத்திருந்தது. பிடுங்கலாம் என்று போனால் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பக்கத்தில் ஒரு அகலும் வைத்திருக்கிறார்கள். “சாமி மரம்மா, கைய வெக்காதீங்க” என்று கடைப் பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். வேர் உள்ளே போய்ச் சுவரையே தள்ளிக்கொண்டிருக்கிறது. நான் என்ன செய்தேன்? “சாமிய இப்பிடி செவுத்து இடுக்குல வெச்சிருக்கீங்களே, நியாயமா?” என்று கேட்டேன். அவர்களுக்கே சங்கடமாகிவிட்டது. ஒரு தொட்டி வாங்கி வந்தார்கள். கன்றை வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்து, தேங்காய் உடைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு மூடித் தேங்காய் கிடைத்தது.

இப்போது அந்த மண்டபத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

திண்டிவனத்தில் தனசேகர் என்று ஒரு மல்லாட்டை மண்டி முதலாளி. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அவருடைய கட்டடத்தில் கீழே மண்டி குடோன், மேலே கல்யாண மண்டபம், அதற்கு மேல் மொட்டை மாடி. சாப்பாட்டுப் பந்தி கட்டடத்துக்குப் பின்னால் தனியாக ஒரு தகரக் கொட்டகையில் நடக்கும். வருஷா வருஷம் அந்த மாடியைப் பார்க்கிற வேலை எங்களுடையது. மண்டபம் பழசு. ஒழுகுகிறது என்று அந்தக் காலத்தில் யார் யாரோ வந்து, பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதுத் தளம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இடுப்பு உயரம் இருக்க வேண்டிய கைப்பிடிச் சுவர் எனக்குத் தொடை அளவுதான் வரும். சுவர் குட்டையாக இருந்தால் தளம் தடித்திருக்கிறது என்று அர்த்தம். அத்தனை பாரத்தையும் கீழே இருக்கிற உத்தரங்கள் தாங்கிக்கொண்டிருந்தன. பெயர்த்து எடுக்கலாம் என்று பாய் சொல்லும்போதெல்லாம், முதலாளி “அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பாய்” என்பார்.

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. மண்டபம் சும்மா கிடக்கும். அதே சமயம் மல்லாட்டை வந்து இறங்கும். அவ்வளவு பெரிய மாடி வெயிலில் வீணாகிறதே என்று முதலாளி அங்கே மல்லாட்டையைக் கொட்டிக் காயவைப்பார். வாரிவிடும்போது அது வாட்டத்தோடு உருண்டு வடிகுழாய்க்குள் விழும். அப்படி விழாமல் இருக்க ஒவ்வொரு குழாய் வாயிலும் சாக்குத் துணியைச் சுருட்டி இறுக்கி அடைத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் மல்லாட்டை காயவைக்கிற யாரும் செய்கிற காரியம்தான். மல்லாட்டையை மூட்டை கட்டிய கையோடு சாக்கைப் பிடுங்கிவிட்டால் தொல்லையில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் சோதிக்கலாம் என்று நாங்கள் போனபோது, “மல்லாட்டை காஞ்சிகினு இருக்குது, அப்பால வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்பால என்பது வரவே இல்லை. மல்லாட்டையை அள்ளினார்கள். சாக்கை மறந்தார்கள்.

ஐப்பசியின் முதல் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பூராவும் மழை கொட்டியது. காலையில் முதலாளி பாய்க்குப் போன் பண்ணியிருக்கிறார். மணவறையில் சொட்டுகிறது, ஆளை அனுப்பி எதையாவது பூசச் சொல்லுங்கள் என்று. பாய் கோட்டக்குப்பத்திலிருந்து ஜீப்பில் கிளம்பி, வழியில் கிளியனூரில் என்னை ஏற்றிக்கொண்டார்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. ஜனம் நிறைந்திருந்தது. நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மணவறைக்கு மேலே இரண்டு இடத்தில் சொட்டியது, அடியில் பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். நான் வாளியைப் பார்க்கவில்லை. சிவப்புக் கம்பளத்தில் வெள்ளையாக மாவு சிந்தின மாதிரி ஒரு கோடு இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சிமெண்டுத் தூள். தலையை நிமிர்த்தினால் நேர் மேலே உத்தரத்தில் வெடிப்பு. பழைய வெடிப்பு என்றால் கருத்துப்போய் ஒட்டடை பிடித்திருக்கும். இது வெள்ளை வெளேரென்று இருந்தது. அன்றைக்கு விட்ட வெடிப்பு.

பாயும் பார்த்துவிட்டார். “மேல போயி என்னான்னு பாருங்க” என்றார். ஓடினேன்.

மாடியின் கதவைத் திறந்தால் எதிரே ஏரி. கைப்பிடிச் சுவருக்குள் நான்கு பக்கமும் தண்ணீர், ஒரு சாண் ஆழம் நிச்சயம். மல்லாட்டைத் தோல் அதில் மிதந்துகொண்டிருந்தது. குழாய்கள் இருக்கிற இடத்தில் சுழி இல்லை, சலசலப்பு இல்லை. ஒரு சாண் தண்ணீர்தானே என்று நினைக்கக்கூடாது. அவ்வளவு அகலமான மாடியில் அது, மணல் லோடு லாரிகளை வரிசையாக ஏற்றி நிறுத்தினதற்குச் சமம். ஏற்கனவே தளத்துக்கு மேல் தளம் வேறு. அதற்கு அடியில் ஒரு ஊர்க் கூட்டம் உட்கார்ந்து மேளம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கீழே இறங்கி வந்து பாயின் காதில் சொன்னேன். அவர் முதலாளியை ஓரமாக அழைத்துப்போனார்.

“முதலாளிங்க, நீங்க பெரியவங்க, உங்களுக்கு நான் சொல்றதுங்க இல்லீங்க. குழாய்ல வெச்ச சாக்க எடுக்கலீங்களே. மண்டபத்த இப்பவே காலி பண்ணணுங்க.”

நான் எண்ணிப் பார்த்துப் பயந்துபோனேன். பாய்க்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

“சும்மா சொட்டுறதுக்குப் போயி பேஜாரு பண்ணாதீங்க பாய். முகூர்த்தம் முடியட்டும்” என்றார் முதலாளி.

பாய் அவரை அங்கேயே விட்டார். பெண்ணின் அப்பாவைத் தேடிப்போனார். ஏழுமலை என்று பெயர். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். புது வேட்டியில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். பாய் அவரை உத்தரத்துக்கு அடியில் நிறுத்தி, வெடிப்பைக் காட்டி, மேலே இருக்கிற தண்ணீரைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார்.

ஏழுமலைக்கு முகம் வெளுத்துவிட்டது. “சார், மாப்பிள வூட்டுக்காரங்க ஏற்கனவே மொறச்சிகினு இருக்காங்க. மணவறைல தண்ணி சொட்டுது, சகுனம் சரியில்லன்னு அந்தத் தாய்மாமன் காலைலேர்ந்து சொல்லிக்கினே இருக்காரு. இப்ப மணவறைய உட்டு எழுந்திரிங்கன்னா கல்யாணத்தயே நிறுத்திட்டுப் பூடுவாங்க. எம்பொண்ணு கதி என்னாவறது?”

“விழும்னு நான் சொல்ல வர்ல. விழாதுன்னு என்னால சொல்ல முடியாது” என்றார் பாய்.

ஏழுமலை மறுபடியும் மேலே பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் தூள் உதிர்ந்து அவர் தோள் துண்டில் விழுந்தது.

‘கூரை இடிகிறது, ஓடுங்கள்’ என்று கத்தினால் என்ன ஆகும்? இறங்குவதற்கு இருப்பது ஒரே படி. மிதிபட்டே செத்துப்போவார்கள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. “பந்திக்குக் கூப்பிடுங்கண்ணே” என்றேன். ஏழுமலைக்குப் புரிந்துவிட்டது. பிறகு நேராகப் போய் நாதஸ்வரக்காரரின் மைக்கைப் பிடுங்கினார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க! பந்தி ரெடி. பொங்கல் சூடா இருக்குது. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருக்கு, எல்லாரும் ஒரே பந்தில சாப்ட்டுட்டு வந்துடலாம். கொழந்தைங்க, பெரியவங்க மொதல்ல இறங்குங்க!”

நம் ஜனங்களைப் பந்திக்குக் கூப்பிட்டால் இரண்டாவது முறை கூப்பிட வேண்டுமா? தள்ளுமுள்ளு இல்லாமல், சிரித்துப் பேசிக்கொண்டே, மண்டபம் மளமளவென்று காலியாகத் தொடங்கியது. அந்தக் கணம் எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது என்று சொன்னால் தவறில்லை.

“மேரிம்மா, நீங்க மேல போயி சாக்க எடுக்கணும். செவுத்த ஒட்டியே நடங்க, நடுவுல கால வெக்காதீங்க” என்றார் பாய். தளத்துக்கு ஓரம்தான் பலம், அது சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. “நானே போவேன், ஆனா என் கனத்துக்கு...” என்று இழுத்தார்.

“நீங்க ஏறினா அதுவே ஒரு லோடு பாய்” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கலங்கல் தண்ணீர், அடி தெரியவில்லை. ஆனால் அந்த மாடியில் எந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று என் பாதத்துக்குத் தெரியும். இடது கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனேன். மூலையில் மெத்தென்று தட்டுப்பட்டது. குனிந்து இரண்டு கையாலும் இழுத்தேன். ஊறிப் பருத்த சாக்கு, பிறந்ததிலிருந்தே அங்கே இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. கைப்பிடிச் சுவரில் காலை முட்டுக்கொடுத்து, யேசுவே என்று ஒரு இழு இழுத்தேன். பிடுங்கிக்கொண்டு வந்தது. என்னை உட்காரவைத்துவிட்டுக் குழாய் கொடகொடவென்று தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. அதைப் போல இனிமையான சத்தம் நான் எந்தக் கோயில் திருவிழாவிலும் கேட்டதில்லை. சுவரை ஒட்டியே அடுத்ததற்குப் போனேன். அதுவும் வந்தது. இன்னொன்றில் சாக்கை எடுத்தும் தண்ணீர் இறங்கவில்லை, உள்ளே மல்லாட்டையும் மண்ணும் சேர்ந்து களியாகி இருந்தது. தோள் வரைக்கும் கையை விட்டுத் தோண்டினேன், அது திறந்தது.

தண்ணீர் இறங்கியது, ஆனால் மெதுவாக. கீழே வந்து பார்த்தால் மண்டபம் காலி. மணவறையில் மட்டும் மாப்பிள்ளை, ஐயர், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள். நடுவில் தாய்மாமன் காலை அகட்டிக்கொண்டு நிற்கிறார்.

“மணவறைய உட்டு மாப்பிள எழுந்திருக்க மாட்டான். எங்க வழக்கத்துல கெடையாது. எழுந்தா நேரா வூட்டுக்குத்தான்!”

பாய் கைகூப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏழுமலை காலில் விழாத குறை. தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

நான் மணப்பெண் அறைக்குப் போனேன். சுகந்தி என்று பெயர், விழுப்புரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாள். சொட்டச் சொட்ட நனைந்து, கை நிறையச் சேறோடு நிற்கிற என்னைப் பார்த்து எழுந்துவிட்டாள்.

“உங்கப்பா சொல்லலியாம்மா?”

“அவரு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னுதான் சொல்றாரு. இன்னாக்கா, மண்டபம் இடிஞ்சிடுமா?”

“தெரியாது. அதனாலதான் கீழ போவணும். மாடி மேல குளம் மாதிரி தண்ணி நிக்குது. அடைப்ப எடுத்து உட்டுட்டேன், வடியறதுக்கு நேரமாவும். அதுக்குள்ள யாரும் இங்க இருக்கக்கூடாது. நீ அந்த மணவறைல போயி ஒக்காந்தா ஒன்னோட இத்தினி பேர் ஒக்காருவாங்க.”

அவள் யாரையும் கேட்கவில்லை. புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாலையை இன்னொரு கையால் அமர்த்திக்கொண்டு, மணவறைப் பக்கம் திரும்பாமல் படியில் இறங்கிக் கொட்டகைக்குப் போய்விட்டாள். தோழிகள் ஓடினார்கள். அவள் அம்மா ஓடினாள்.

மாப்பிள்ளை பக்கத்துப் பெரியம்மா ஒருத்தி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். “பொண்ணே கீழ பூட்டா, மாப்பிளைக்கு மேல இன்னா வேல? எழுந்திர்றா!”

மாப்பிள்ளை எழுந்தான். அவன் அதற்குத்தான் காத்திருந்த மாதிரி இருந்தது. ஐயர் தாலித் தட்டை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் இறங்கினார். தாய்மாமன் தனியாக நின்று உத்தரத்தைப் பார்த்தார், பிறகு அவரும் இறங்கினார். கடைசி ஆளும் படியைத் தாண்டின பிறகு பாய் மண்டபத்துக் கதவை இழுத்துப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கொட்டகையில் இரண்டு பந்தி வரிசைக்கு நடுவே ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்தார்கள். ஐயர் கெட்டிமேளம் என்றார். அட்சதை போட வேண்டும், ஆனால் ஊர் முழுக்க வலது கையில் பொங்கலும் சாம்பாருமாக இருக்கிறது. யாரோ இடது கையால் போடப் போக, “பீச்சாங்கையால போடாதீங்கய்யா!” என்று ஒரு பெரியவர் அலற, அத்தனை பேரும் இலையை விட்டு எழுந்து கைகழுவ ஓடினார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் நான் பார்த்தது பாதிக் கூட்டத்தின் முதுகைத்தான். ஆனால் தாலி முகூர்த்த நேரத்துக்குள் ஏறிவிட்டது. ஏழுமலை ஒரு மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்?

மத்தியானத்துக்குள் மாடி வடிந்தது. உத்தரங்களுக்கு இரும்பு முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். அதற்குப் பிறகு பாய் பிடிவாதமாக நிற்க, நாங்கள் அந்தப் பழைய தளங்களை எல்லாம் பெயர்த்து இறக்கி, உத்தரத்தைச் சரிசெய்து, புதிதாக வாட்டம் கொடுத்துப் பதித்தோம். இன்றைக்கும் அங்கே கல்யாணம் நடக்கிறது. முதலாளி மல்லாட்டையைக் களத்தில் காயவைக்கிறார்.

அந்த மத்தியானம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஏழுமலை எங்களை விடவில்லை. எனக்கும் பாய்க்கும் தானே இலை போட்டு, தானே பரிமாறினார். ஈர உடையோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தாய்மாமன் வெற்றிலையை மென்றுகொண்டு எங்களுக்கு எதிரே வந்து நின்றார். மண்டபத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

“இம்மா நேரம் ஆச்சி. என்னமோ உழுந்துடும்னு அம்மாம் ஆர்ப்பாட்டம் பண்ணிக்கினு இருந்தீங்க. கடைசில ஒண்ணும் உழலியேம்மா?”

பாய் சிரித்துக்கொண்டு குனிந்துவிட்டார். பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார் என்று தெரிந்தது. நான் வாயில் இருந்ததை விழுங்கினேன்.

“ஆமாங்க, ஒண்ணும் உழல. அதுக்குத்தாங்க எங்களுக்குச் சம்பளம்.”

ஏழுமலை வாளியோடு வந்து, போதும் போதும் என்று சொல்லியும் கேட்காமல், என் இலையில் இன்னொரு கரண்டிப் பாயசம் ஊற்றினார்.